“கொஞ்சம் காற்றாக இருக்கிறது, இல்லையா?”: பிரிட்டனின் இலையுதிர்கால வானிலையும் மனிதர்களும்

பிரிட்டனில் படிக்க வரும் நம் மாணவர்கள் பெரும்பாலும் செப்டம்பரில்தான் வந்து இறங்குகிறார்கள். சில வாரங்களிலேயே இரண்டு விஷயங்கள் அவர்களைக் குழப்பத் தொடங்கும். இந்த ஊர்க்காரர்கள் ஒரு தூறலைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். ஆனால் மரக்கிளை முறிந்து விழும் அளவுக்குக் காற்று அடிக்கும் நாளில், அதே ஆட்கள் “கொஞ்சம் காற்றாக இருக்கிறது, இல்லையா?” என்று கேட்டுவிட்டு நாயை அழைத்துக்கொண்டு நடக்கப் போய்விடுகிறார்கள். சின்னதற்குப் பெரிய பேச்சு, பெரியதற்குச் சின்னப் பேச்சு. இது என்ன கணக்கு?

கணக்கு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பிரிட்டனின் வானிலையில் கடுமை குறைவு, நிலையின்மை அதிகம். அங்குள்ளவர்களின் பேச்சு, உடை, வீட்டுப் பழக்கம் எல்லாமே அந்த நிலையின்மையைச் சமாளிக்க உருவானவை. கடுமையான நாள் எப்போதாவது வரும். மாறும் நாள் தினமும் வரும்.

முதலில் மழையையே எடுத்துக்கொள்வோம். லண்டன் மழை நகரம் என்று பெயர் வாங்கியிருந்தாலும் அங்கே ஓராண்டில் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர்தான். சென்னையில் சுமார் 1,400. சென்னையில் பாதிகூட லண்டனுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் சென்னை மழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். லண்டன் மழையோ அதே கொஞ்சத்தை ஆண்டு முழுவதும், நூற்றுக்கும் மேற்பட்ட நாட்களில், சொட்டுச் சொட்டாகப் பிரித்துக் கொடுக்கும். ஸ்காட்லாந்தின் மேற்கு மலைகளிலும் வடமேற்கு இங்கிலாந்தில் கம்ப்ரியாவின் ஏரிப் பகுதியிலும் கதை வேறு. அங்கே சில இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். பிரிட்டனின் வானிலை என்று ஒரே வாயில் சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வானிலையாளர்கள் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரையுள்ள மூன்று மாதங்களை இலையுதிர் காலம் என்று வைத்துக்கொள்கிறார்கள். செப்டம்பரில் லண்டனின் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். நவம்பரில் 11 டிகிரிக்கு வந்துவிடும். இந்தச் சரிவு ஒழுங்காகப் படிப்படியாக நடந்தால் யாரும் பேச மாட்டார்கள். நடப்பதில்லை. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி கென்ட் மாவட்டத்தின் கிரேவ்சென்டில் 29.9 டிகிரி பதிவானது. 2008ஆம் ஆண்டு அதே அக்டோபரின் 28ஆம் தேதி லண்டனில் பனி பொழிந்தது. அந்த மாதத்தில் அந்நகரம் பனியைக் கண்டு அப்போது 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஒரே மாதத்தின் எல்லைகள் இவ்வளவு அகலமானால், காலையில் கதவைத் திறக்கும்போது எந்தக் கோட்டை எடுப்பது என்பதே ஒரு கேள்வியாகிவிடுகிறது.

மாற்றம் எங்கிருந்து வருகிறது?

பிரிட்டன் ஒரு நாற்சந்தியில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே அட்லான்டிக் கடல், கிழக்கே ஐரோப்பிய நிலப்பரப்பு, வடக்கே ஆர்க்டிக், தெற்கே வெப்பமான அஸோர்ஸ் பகுதிக் கடலும் அதற்கப்பால் சஹாராவும். இந்தத் திசைகளிலிருந்து வரும் காற்றுகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம். தென்மேற்கிலிருந்து வந்தால் வெதுவெதுப்பும் ஈரமும். வடமேற்கிலிருந்து வந்தால் குளிர்ச்சியும் விட்டு விட்டுப் பெய்யும் மழையும். கிழக்கிலிருந்து வந்தால் உலர்ந்த குளிர். எந்தக் காற்று இன்று வெல்லும் என்பதுதான் தினசரி வானிலை அறிக்கையின் முழுப் பொருளும்.

இலையுதிர் காலத்தில் இந்தப் போட்டி சூடு பிடிக்கக் காரணம் உண்டு. பூமிக்குமேல் சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குறுகிய பட்டையில் மிக வேகமான காற்று ஓடுகிறது. இதுவே ஜெட் காற்றோட்டம். வடக்கின் குளிருக்கும் தெற்கின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடுதான் அதற்கு ஆற்றல் கொடுக்கிறது. கோடை முடிந்ததும் ஆர்க்டிக் வேகமாகக் குளிரத் தொடங்குகிறது. தெற்குக் கடலோ கோடையின் வெப்பத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. வேறுபாடு பெருகப் பெருக ஜெட் காற்றோட்டம் வலுக்கிறது, பிரிட்டனை நோக்கி இறங்கவும் செய்கிறது. அதன் கீழே காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாகி, ஒன்றன்பின் ஒன்றாக அட்லான்டிக்கைக் கடந்து வருகின்றன.

அப்படி ஒரு தாழ்வு கடந்து போகும் நாளை வீட்டு ஜன்னலிலிருந்தே படிக்கலாம். காலையில் சூரியன் இருக்கும், ஆனால் உயரமான மெல்லிய மேகத்துக்குப் பின்னால் மங்கிப்போயிருக்கும். பத்து மணிக்கு மேகம் தடித்துக் கீழிறங்கும். நண்பகலுக்குள் ஒரே சீரான மழை. மதியம் மழை தூறலாகத் தணிந்து, காற்று திடீரென்று வெதுவெதுப்பாகும். போட்டிருக்கும் கோட்டு கசகசக்கும். வெப்ப முகப்பு, அதாவது முன்னேறி வரும் வெதுவெதுப்பான காற்றின் விளிம்பு, கடந்துவிட்டது என்று அதற்குப் பொருள். மூன்று மணி வாக்கில் வானம் கறுத்து, பத்து நிமிடம் அடித்து ஊற்றும். காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பும், வெப்பம் சட்டென்று சில டிகிரி விழும், அடுத்த அரைமணியில் கழுவி விட்ட நீல வானம். இது குளிர் முகப்பு, பின்தொடர்ந்து வரும் குளிர்ந்த காற்றின் விளிம்பு. அதன்பின் மாலை முழுக்க வெயிலும் திடீர் மழையும் மாறி மாறி வரும். வானவில்லுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒரே நாளில் நான்கு பருவம் என்று இங்கே அலுத்துக்கொள்வது மிகை என்று நினைக்க வேண்டாம். இரண்டு முகப்புகள் கடந்த எந்த நாளுக்கும் அது பொருந்தும்.

இங்கே புயல் என்பது வேறு

வங்கக் கடல் புயலை மனத்தில் வைத்துக்கொண்டு பிரிட்டன் புயலைப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பமே மிஞ்சும். நம் கடலில் உருவாகும் புயல் வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து ஆற்றல் எடுக்கிறது, கரையேறியதும் வலுவிழக்கிறது. பிரிட்டனைத் தாக்கும் புயல் குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் மோதும் எல்லையில் பிறக்கிறது. அதற்குத் தெளிவான கண் இருக்காது, பரப்போ மிகப் பெரிது. ஒரே புயல் அயர்லாந்து முதல் டென்மார்க் வரை காற்றடிக்க வைக்கும். இன்னொரு சின்னக் குழப்பம்: பிரிட்டனில் காற்று வேகத்தை மைலில் சொல்வார்கள். 60 மைல் என்று கேட்டு ‘இவ்வளவுதானா’ என்று எண்ண வேண்டாம், அது 97 கிலோமீட்டருக்குச் சமம்.

எப்போதாவது வெப்பமண்டலச் சூறாவளியின் மிச்சமும் இந்தப் பக்கம் வந்து சேரும். 2017ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி ஒஃபீலியாவின் எச்சம் அயர்லாந்தைக் கடுமையாகத் தாக்கியது. இங்கிலாந்தில் அன்று நடந்தது விசித்திரமானது. அந்தச் சுழற்சி சஹாராவின் தூசியையும் போர்ச்சுகல் காட்டுத்தீயின் புகையையும் இழுத்துவர, நடுப்பகலில் சூரியன் செந்நிறமாகவும் வானம் மஞ்சளாகவும் மாறின. அலுவலகங்களில் வேலையை விட்டுவிட்டு எல்லோரும் ஜன்னலோரம் கூடினார்கள். உலகம் முடியப்போகிறது, அதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம் என்ற ரகத்தில் நகைச்சுவைகள் பறந்தன. பயத்தை இப்படித்தான் இவர்கள் கையாளுகிறார்கள்.

புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் பிரிட்டனில் புதிது. மெட் ஆபிஸ் எனப்படும் தேசிய வானிலை அலுவலகமும் அயர்லாந்தின் வானிலை நிறுவனமும் சேர்ந்து 2015இல் தொடங்கின. 2019இல் நெதர்லாந்தும் சேர்ந்துகொண்டது. முதலில் பெயர் பெற்ற புயல் 2015 நவம்பரில் வந்த அபிகேல். பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாகத் தொடங்கும். பொதுமக்கள் அனுப்பும் பெயர்கள் நிறைய இடம்பெறும். பெயர் வைப்பதன் நோக்கம் எளியது: ‘ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு’ என்றால் யார் காதிலும் விழாது, ‘டெஸ்மண்ட் வருகிறான்’ என்றால் விழும். பக்க விளைவும் உண்டு. டோரிஸ், பார்னி என்று பெயர்கள் தாத்தா பாட்டி பெயர்களாக இருப்பதால், ஆபத்தைவிடக் கேலிதான் முதலில் வரும். ஆனால் அந்த டெஸ்மண்ட் விளையாட்டுக்கு வரவில்லை. 2015 டிசம்பரில் கம்ப்ரியாவின் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழையைக் கொட்டியது.

நிறங்களை எப்படிப் படிப்பது?

எச்சரிக்கைகள் மூன்று நிறம்: மஞ்சள், ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்), சிவப்பு. புதிதாக வந்தவர்கள் பலரும் இதைக் காற்றின் வேக அளவுகோல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துத்தான் நிறத்தை முடிவு செய்கிறார்கள். பாதிப்பு எவ்வளவு பெரியதாக இருக்கும்? அது நடக்கும் வாய்ப்பு எவ்வளவு? அதனால் ஒரே வேகக் காற்று ஸ்காட்லாந்தின் வடகோடித் தீவில் எச்சரிக்கையே இல்லாமல் போகலாம், லண்டனில் மாலை வேலை முடியும் நேரத்தில் மஞ்சள் ஆகலாம். மஞ்சளிலும் இரண்டு வகை உண்டு: சிறிய பாதிப்பு நிச்சயமாக வரும் என்பது ஒன்று, பெரிய பாதிப்பு ஒருவேளை வரலாம் என்பது இன்னொன்று. நிறத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் கீழே எழுதியிருக்கும் இரண்டு வரியையும் படிப்பது நல்லது.

இலையுதிர் காலக் காற்றுக்கு ஒரு தனி அபாயம் இருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜனவரியில் மொட்டையாக நிற்கும் மரம் காற்றுக்கு வழி விட்டுவிடும். அக்டோபரில் இலை முழுதாக இருக்கும், மழையில் மண்ணும் இளகியிருக்கும். 1987 அக்டோபர் 15 இரவு தொடங்கி 16 அதிகாலை வரை தென் இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல் சுமார் ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்தது இதனால்தான். இங்கிலாந்தில் 18 பேர் இறந்தார்கள். ஏழு ஓக் மரங்களால் பெயர் பெற்ற செவன்ஓக்ஸ் ஊரில் ஆறு ஓக்குகள் ஒரே இரவில் விழுந்தன. அதற்கு முந்தைய பகலில் பிபிசி வானிலை அறிவிப்பாளர் மைக்கேல் ஃபிஷ், சூறாவளி வருவதாகக் கேள்விப்பட்டு ஒரு பெண்மணி தொலைபேசியில் கேட்டதாகச் சொல்லி, அப்படி ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள் என்று புன்னகைத்தார். காற்று பலமாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார், ஆனால் அதில் பெரும்பகுதி ஸ்பெயின், பிரான்ஸ் பக்கம் போகும் என்றார். அறிவியல் கணக்கில் வந்தது சூறாவளி இல்லை, எனவே அவர் சொன்னது ஒரு வகையில் சரி. மரத்தடியில் கார் நசுங்கியவரிடம் அந்த விளக்கம் எடுபடவில்லை. வானிலை அறிவிப்பைப் பற்றி எந்த நகைச்சுவை வந்தாலும் அந்தக் காட்சி இன்றும் தொலைக்காட்சியில் தலைகாட்டும்.

2021 நவம்பரின் ஆர்வென் புயல் இன்னொரு பாடம். அது வழக்கமான மேற்கிலிருந்து வராமல் வடக்கு, வடகிழக்கிலிருந்து அடித்தது. மேற்குக் காற்றுக்கே ஈடுகொடுத்து வேரூன்றிய மரங்கள் எதிர்ப்பக்க அடியைத் தாங்கவில்லை. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. இங்கே பல வீடுகளில் சமையல், வெந்நீர், அறை வெப்பம் எல்லாமே மின்சாரத்தை நம்பியிருப்பதால் (எரிவாயு பாய்லர்கூட மின்சாரம் இல்லாமல் ஓடாது) மின்தடை என்பது வெறும் இருட்டோடு நிற்காது. பிரிட்டனில் மின்தடையைத் தெரிவிக்க 105 என்ற இலவச எண் இருக்கிறது; தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சின் இலக்கணம்

இனி அந்த ஓயாத பேச்சுக்கு வருவோம். பஸ் நிறுத்தத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். தொப்பி போட்ட ஒரு முதியவர் வந்து சேர்கிறார்.

“ஈரமாக இருக்கிறது, இல்லையா?”

“ஆமாம். நாள் முழுக்க இப்படித்தானாம்.”

“வியாழனுக்குள் தெளியும் என்கிறார்கள்.”

“பார்க்கலாம்.”

பஸ் வருகிறது. பெயர், ஊர், வேலை எதுவும் கேட்கப்படவில்லை. ஆனாலும் இரண்டு அந்நியர்கள் பேசிக்கொண்டாயிற்று. நம் ஊரில் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பவருக்கு உங்கள் உணவுப் பட்டியல் தேவையில்லை. இங்கே வானிலைக் கேள்வியும் அதே வேலையைத்தான் செய்கிறது. தகவல் கேட்கவில்லை, வாசலைத் திறக்கிறார். அதற்கு ஒரே ஒரு விதி: முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். “குளிராக இருக்கிறது” என்று ஒருவர் சொல்லும்போது “இதெல்லாம் ஒரு குளிரா?” என்று கேட்டால், நீங்கள் சரியாகவே சொல்லியிருந்தாலும் பேச்சு அங்கேயே செத்துவிடும். “ஆமாம், ஆனால் எனக்கு இது பிடிக்கத்தான் செய்கிறது” என்று சொல்லிப் பாருங்கள், ஐந்து நிமிடம் ஓடும்.

பெரிய காற்றைச் சின்னதாகச் சொல்வதும் இதே மரியாதையின் இன்னொரு பக்கம். எல்லோருக்கும் ஒரே காற்றுதான் அடிக்கிறது. அதில் தன் துன்பத்தை மட்டும் பெரிதாகக் காட்டுவது இங்கே நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. வேலி சாய்ந்தவர் “கொஞ்சம் காற்றடித்தது” என்பார். அடித்தளம் முழுக்க வெள்ளம் புகுந்தவர் “கொஞ்சம் ஈரம்” என்பார். கேட்கும் நீங்கள்தான் அதைப் பெருக்கிப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிரிட்டிஷ்காரர் “இன்று நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை” என்று சொன்னால் காரை எடுக்காதீர்கள்.

எனக்கு இந்தப் பழக்கத்தில் ஒரு குறையும் தெரிகிறது. அடக்கிப் பேசிப் பேசி, உண்மையான ஆபத்தையும் அடக்கியே எடைபோடுகிறார்கள். புயல் நாளில் கடற்கரைச் சுவரோரம் போய் அலையைப் படம் பிடிக்கும் கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறது. வெள்ளம் ஓடும் சாலையில் ‘போய்விடலாம்’ என்று காரை விடுபவர்களும் உண்டு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர் ஒரு காரை மிதக்கவைக்கப் போதும். 2023 அக்டோபரில் பாபெட் புயலின்போது கிழக்கு ஸ்காட்லாந்துக்கு மழைக்கான சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். பிரெகின் ஊரில் ஆறு தடுப்பைத் தாண்டி வீடுகளுக்குள் வந்தது. சிவப்பு என்றால் அடக்கிப் பேசும் வழக்கத்தை ஓரம் வைத்துவிட்டு, சொன்னதைச் செய்ய வேண்டும்.

வீட்டுக்குள்ளும் தெருவிலும்

இலையுதிர் காலம் வந்துவிட்டது என்பதற்கு வீட்டுக்குள் தெரியும் முதல் அடையாளம் ஹீட்டிங் பற்றிய சச்சரவு. எந்தத் தேதியில் முதன்முறை பாய்லரைப் போடுவது என்பது குடும்பத்துக்குள்ளும் அறைத்தோழர்களுக்குள்ளும் ஒரு மானப் பிரச்சினை. அக்டோபர் கடைசிவரை தாக்குப்பிடித்தேன் என்று சொல்வதில் பலருக்குப் பெருமை. இதில் காசும் கலந்திருக்கிறது. எரிவாயு, மின்சாரக் கட்டணத்தின் உச்சவரம்பை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறது, அதில் ஒரு மாற்றம் சரியாக அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வரும். ஆனால் ஜன்னலையும் மூடி, ஹீட்டிங்கையும் போடாமல், துவைத்த துணியை அறைக்குள் உலர்த்தினால் சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். தினமும் பத்து நிமிடமாவது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்வது வீண் அறிவுரை இல்லை.

குடை வாங்குவதில் பணத்தைச் செலவழிக்காதீர்கள். மழையோடு காற்றும் சேர்ந்தே வருவதால் குடை தெருமுனையிலேயே மேல்நோக்கி மலர்ந்துவிடும். புயலுக்கு மறுநாள் குப்பைத்தொட்டிகளில் உடைந்த குடைக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். தலைமூடி வைத்த மழைக்கோட்டும், உள்ளே கழற்றிப் போடத் தோதான இரண்டு மெல்லிய ஆடைகளும் இருந்தால் போதும்.

புயல் அறிவிப்பு வந்ததும் தெருவில் நடக்கும் வேலைகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். சக்கரம் வைத்த குப்பைத்தொட்டிகளைச் சுவரோரம் தள்ளிக் கட்டுவார்கள், தோட்ட நாற்காலிகளை உள்ளே எடுப்பார்கள், குழந்தைகள் குதித்து விளையாடும் டிராம்போலினைக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். கடைசியாகச் சொன்னது வேடிக்கையாகத் தோன்றலாம். காற்றில் பறந்த டிராம்போலின்கள் தண்டவாளத்தில் விழுந்து ரயில் நின்றுபோவது இங்கே பழகிப்போன செய்தி. தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனமே புயலுக்கு முன் அதைக் கட்டிவைக்கச் சொல்லி வேண்டுகோள் விடுக்கும்.

ரயில் என்றதும் இன்னொன்று. ‘தண்டவாளத்தில் இலை விழுந்ததால் தாமதம்’ என்ற அறிவிப்பை முதன்முறை கேட்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் காரணம் உண்மையானது. ஈர இலைகள் கனமான சக்கரங்களுக்கடியில் நசுங்கி, எஃகின் மேல் எண்ணெய் தடவினாற்போல ஒரு வழுக்கும் படலமாகிவிடும். ரயில் வேகமெடுக்கச் சிரமப்படும். அதைவிட மோசம், நிற்கச் சிரமப்படும். அதனால் ஓட்டுநர்கள் நிலையத்துக்கு வெகு முன்பே பிரேக் போடத் தொடங்குவார்கள். சில தடங்களில் இந்தப் பருவத்துக்கென்றே நேர அட்டவணையைச் சற்றுத் தளர்த்துகிறார்கள். இரவில் உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சித் தண்டவாளத்தைக் கழுவ தனி ரயில்களே ஓடுகின்றன.

அக்டோபரின் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். சனிக்கிழமை லண்டனில் ஐந்தே முக்காலை ஒட்டி மறைந்த சூரியன், ஞாயிறன்று நாலே முக்காலுக்குள் மறைந்துவிடும். வெப்பநிலை ஒன்றும் மாறியிருக்காது, ஆனால் மக்களின் மனநிலை மாறிவிடும். புதிதாக வந்த மாணவர்களை மிகவும் வாட்டுவது குளிரோ மழையோ இல்லை, இந்த நாலே முக்கால்தான். மதியமே ஒரு சுற்று வெளியே நடந்துவிட்டு வருவது நல்லது, மழையாக இருந்தாலும்.

படகே இல்லாதவர்களும் கேட்கும் ஒரு வானிலை அறிக்கையும் இங்கே உண்டு. பிபிசி ரேடியோ 4இல் கப்பல்களுக்கென்று வாசிக்கப்படும் அறிக்கை அது. வைக்கிங், டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட் என்று 31 கடற்பகுதிகளின் பெயர்களும் காற்று அளவுகளும் ஒரே தாளத்தில் வரும். அவற்றில் ஒன்றின் பெயர் ஃபிட்ஸ்ராய். 1854இல் மெட் ஆபிஸைத் தொடங்கிய ராபர்ட் ஃபிட்ஸ்ராயின் நினைவாக 2002இல் வைத்த பெயர். 1859 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கத்தோடு திரும்பிய ராயல் சார்ட்டர் கப்பல், ஆங்கிள்சி தீவருகே புயலில் உடைந்து சுமார் 450 பேர் இறந்தார்கள். அதன்பின்தான் அவர் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை உருவாக்கினார்; 1861இல் செய்தித்தாளில் பொதுமக்களுக்கான முன்னறிவிப்பும் தொடங்கியது. இன்று உங்கள் தொலைபேசியில் வரும் மஞ்சள் முக்கோணத்துக்கு மூலம் ஓர் இலையுதிர் காலப் புயல்தான்.

புயல் ஓய்ந்த மறுநாள் தெருவுக்கு வாருங்கள். ஆண்டு முழுக்கத் தலையசைப்போடு நின்ற அண்டை வீட்டுக்காரர்கள் அன்று ஒருவர் தொட்டியை மற்றவருக்குத் திருப்பிக் கொடுத்தபடி நின்று பேசுவார்கள். விழுந்த வேலிப் பலகை யாருடையது என்ற ஆராய்ச்சி நடக்கும். புயல் சேதத்துக்குப் பணம் தரும் வீட்டுக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவும் வேலியையும் வாசல் கேட்டையும் மட்டும் விலக்கி வைத்திருக்கும் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவரும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் அடக்கிப் பேசுவதில்லை.